ஈர வாடைக்கு வாசனைத் திரவம் மருந்தன்று

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் போதும், துவைத்த துணியில் எழும் ஈர வாடையைப் போக்குவதற்கான குறிப்புகள் நாளிதழ்களின் வீட்டுக் குறிப்புப் பகுதிகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வரிசையாக வரத் தொடங்கிவிடும். இந்த ஆண்டும் வந்தன. அவற்றில் பாதி, சலவைத் தூளை இரண்டு மடங்காகப் போடச் சொல்கின்றன. மீதிப் பாதி, கடைசி அலசலில் வாசனைத் திரவத்தைத் தாராளமாக ஊற்றச் சொல்கின்றன. இரண்டையும் இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகச் செய்து, வாடையை நானே வளர்த்துவிட்டு, பிறகு அதன் காரணத்தைத் தேடிப் போனவள் என்ற உரிமையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பள்ளத்தூரில் பங்காளிகள் பலருக்கும் பொதுவான ஒரு பழைய வீட்டின் ஒரு பகுதியில் குடியிருந்துகொண்டு, முழு வீட்டையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் வாழ்க்கை இப்பகுதி வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஆண்டில் பத்து மாதங்கள் பூட்டிக் கிடக்கும். ஒரு கல்யாணமோ, முன்னோரை வழிபடும் படைப்போ, பிள்ளையார் நோன்போ வந்துவிட்டால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். அந்த மூன்று நான்கு நாட்களுக்கு நாற்பது படுக்கை விரிப்புகளும் அறுபது துண்டுகளும் தயாராக இருந்தாக வேண்டும். இதற்காகவே, முன்பக்கம் கண்ணாடிக் கதவுள்ள சலவை இயந்திரம் ஒன்றை ஏழு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கி, வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டுக்குள், அடுக்களைக்குப் பக்கத்தில் வைத்தோம். கோடையிலும்கூட அதன் அருகே போனால் ஒரு முடைநாற்றம் வரும். பழைய வீடு, பழைய சாக்கடை என்று சமாதானம் செய்துகொண்டோம்.

அந்தச் சமாதானம் ஒரு கார்த்திகைக் கல்யாணத்தில் கலைந்தது. வந்திருந்த என் சித்தப்பா மகன் காலையில் முகம் கழுவிவிட்டு, நான் கொடுத்த துண்டால் துடைத்தார்; ஒரு கணம் நின்றார்; ஒன்றும் சொல்லாமல் அதைக் கொடியில் போட்டார். மதியம் காரைக்குடிக்குப் போய்த் திரும்பியவர் கையில் இரண்டு புதுத் துண்டுகள் இருந்தன. “மலிவாக் கெடைச்சுது ஆச்சி” என்றார். மலிவு பார்த்துத் துண்டு வாங்குகிறவர் அல்லர் அவர். விருந்தினர் ஒருவர் நம் வீட்டுத் துண்டைத் தொடாமல் இருப்பது எத்தகைய தலைகுனிவு என்பதை விருந்துக்குப் பெயர்போன இந்தப் பகுதியில் நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடிபடாத ஒன்று இருந்தது. அந்தத் துண்டுகளை அடுக்கும்போது ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து அடுக்கியவள் நான். காய்ந்த நிலையில் அவற்றில் வாடை இல்லை. முகத்தின் ஈரம் பட்ட அரை நிமிடத்துக்குள் அது எங்கிருந்து வந்தது? நான் காரைக்குடியில் வேதியியல் படித்தவள். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவரும் ஊரில் அந்தப் பாடத்தைப் படித்தும், படித்ததை அடுக்களைக்கு வெளியே பயன்படுத்தும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை. ஆகவே, கிடைத்த இந்த ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் விடை கிடைத்தது. துவைத்த துணியில் எழும் அந்த ஈர வாடைக்கு முக்கியக் காரணமான பொருள் 4-மெத்தில்-3-ஹெக்சினோயிக் அமிலம் என்றும், அதை உண்டாக்குவது மொராக்ஸெல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்றும் அவர்கள் கண்டறிந்தனர். துணியில் தங்கிவிட்ட வியர்வையையும் தோலின் எண்ணெய்ப் பசையையும் தின்று வாழும் இது, துணி காய்ந்திருக்கும் வரை அடங்கிக் கிடந்து, ஈரம் பட்டதும் மீண்டும் வேலையைத் தொடங்குகிறது. இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது இன்னொரு செய்தி: உலர்ச்சியையும் புறஊதாக் கதிரையும் மற்றப் பல பாக்டீரியாக்களைக் காட்டிலும் அதிகமாகத் தாங்கும் ஆற்றல் இதற்கு உண்டு. நம் ஊர் வெயிலில் அரை நாள் கிடந்தால் எதுவும் பிழைக்காது என்று அதுவரை உறுதியாக நம்பியிருந்தேன். வெயிலின் பயன் பெரிதுதான். துணியை விரைவாக உலர்த்தி, கிருமி பெருகுவதற்கான நேரத்தை அது குறைக்கிறது. ஆனால் இழைக்குள் அழுக்கோடு ஒட்டிக்கொண்டு தங்கியதை வெயில் மட்டுமே ஒழித்துவிடும் என்று எண்ணுவது தவறு.

அப்படியானால் அந்தக் காலத்து வெளுப்பில் இந்த வாடை ஏன் இல்லை என்று வாசகர்கள் கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டேன். என் சிறு வயதில் எங்கள் வீட்டு வெள்ளைத் துணிகளை மூட்டையாக எடுத்துச் செல்லும் சலவைத் தொழிலாளி, அவற்றை உவர்மண் கரைத்த நீரில் நனைத்து, நீர் கொதிக்கும் பானைகளின் மேல் அடுக்கி, இரவெல்லாம் அடியில் நெருப்பெரிய ஆவியில் வேக வைப்பார். அதுதான் வெள்ளாவி. விடிந்ததும் கண்மாய்க் கரைக் கல்லில் அடித்து, இடுப்பளவு நீரில் அலசி, கரையில் விரித்துக் காய வைப்பார். உவர்மண்ணில் சோடியம் கார்பனேட்டு போன்ற காரப் பொருள்கள் உள்ளன. அந்தக் காரம் எண்ணெய்ப் பசையை இளக்கியது, ஆவியின் சூடு கிருமியைக் கொன்றது, கண்மாய் நீர் எஞ்சியதை அடித்துக்கொண்டு போனது, அதன் பிறகே வெயிலின் முறை வந்தது. வீடு திரும்பிய வேட்டியில் எந்த வாசனையும் இருக்காது. துவைத்த துணிக்கு அதுவே இலக்கணம் என்று எல்லோரும் இருந்தார்கள். அந்த வேலையின் கடுமையைக் கண்ணால் பார்த்தவள் என்பதால் பழைய காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இயந்திரம் வந்தது நல்லதே. ஆனால் இயந்திரத்தை வாங்கிய கையோடு வெள்ளாவியின் சூட்டையும் காரத்தையும் நிறைந்த அலசலையும் ஒருசேரக் கைவிட்டு, அவை இருந்த இடத்தில் மல்லிகை மணமுள்ள ஒரு பாட்டிலை வைத்துவிட்டோம்.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். அதை விற்ற நிறுவனத்தின் சேவை மையத்திலிருந்து வந்தவர், இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக்கொடுத்து, உயர்ந்த ரக வாசனைத் திரவமாக வாங்கி ஊற்றுமாறு அறிவுரை சொல்லி, தூய்மைத் தூள் பொட்டலங்கள் நான்கையும் விற்றுவிட்டுப் போனார். பத்து நாளில் வாடை திரும்பியது. அதன் பிறகு உள்ளூர் மெக்கானிக் ஒருவரை அழைத்தேன். அவர் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே, “ஃபில்டரைக் கடைசியா எப்ப ஆச்சி தொறந்தீக?” என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கீழ் மூலையில் இருந்த சிறு மூடியைத் திறந்து, ஒரு தாம்பாளத்தை வைத்துத் திருகியபோது, கறுத்த நீர் இரண்டு டம்ளர் அளவுக்கு வடிந்தது. அதோடு இரண்டு நாணயங்கள், ஒரு ஊக்கு, சட்டைப் பித்தான்கள், பூக்கட்டிய நார், தலைமுடிப் பந்து ஆகியவையும் வந்தன. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பை அவர் விரலால் விரித்துக் காட்டினார். உள்ளே கரும்புள்ளிகளும் வழவழப்பான படலமும் இருந்தன. தூள் போடும் இழுப்பறையை முழுவதுமாக உருவ முடியும் என்பதையும், அதன் பின்பக்கத்துக் கூட்டில் பூஞ்சை பிடித்திருந்ததையும் அன்றே பார்த்தேன்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றித் தொட்டியைத் திறந்தபோதுதான் உண்மையான காரணம் வெளிப்பட்டது. நாம் கண்ணால் பார்ப்பது துணி சுழலும் உள் உருளையை மட்டுமே. அதைச் சூழ்ந்து நீரைத் தாங்கும் வெளித்தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் உட்சுவர் முழுவதும் ஊறவைத்த புண்ணாக்கைப் போலச் சாம்பல் நிறத்தில் ஒரு பசை அப்பியிருந்தது. நான் அன்போடு அள்ளிப் போட்ட சலவைத் தூளின் எச்சம், வாசனைத் திரவத்தின் கொழுப்பு, துணியிலிருந்து வந்த எண்ணெய், நூல் துணுக்கு, எங்கள் ஆழ்குழாய் நீரின் சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்த பசை அது. இப்படிப்பட்ட படலத்துக்குள் பாக்டீரியாக்கள் கூட்டாகக் குடியிருக்கும்; குளிர்ந்த நீர் அதைக் கரைக்காது. நான் ஒவ்வொரு முறையும் முப்பது பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றாமல், அவசரச் சலவை என்ற பொத்தானை அழுத்தி, அந்தப் படலத்தைக் கழுவிய நீரிலேயே துண்டுகளைத் துவைத்து வந்திருக்கிறேன்.

அன்று மாலை ஒரு சோதனை செய்தேன். வாசகர்களும் செய்து பார்க்கலாம், செலவில்லாதது. துவைத்து மடித்து வைத்திருந்த துண்டுகளில் எட்டை எடுத்து, தூளோ திரவமோ ஒரு துளியும் சேர்க்காமல், வெந்நீரில் ஓடவிட்டேன். கால் மணி நேரத்தில் கண்ணாடிக் கதவின் பாதி உயரத்துக்கு நுரை எழுந்தது. முன்பு பலமுறை போட்டதெல்லாம் அலசலில் போகாமல் துண்டுக்குள்ளேயே தங்கியிருந்திருக்கிறது. முன்கதவு இயந்திரம் குறைந்த நீரில் துவைப்பது. அதில் தூள் கூடினால் நுரைதான் கூடும், அழுக்கு நீக்கம் கூடாது. நுரை மெத்தையாகி, துணி ஒன்றோடொன்று உரசுவதையும் தடுத்துவிடும். வாசனைத் திரவம் என்று நாம் ஊற்றும் துணி மென்மையாக்கும் திரவம் இன்னொரு வகையில் கேடு செய்கிறது. இழைகளின் மேல் கொழுப்புத் தன்மையுள்ள மெல்லிய பூச்சை ஏற்படுத்துவதுதான் அதன் வேலை. அந்தப் பூச்சு ஏற ஏறத் துண்டு நீரை உறிஞ்சாமல் வழுக்கத் தொடங்குகிறது, அழுக்கும் அதனடியில் சிறைப்படுகிறது. துண்டுகளுக்கு அதை ஊற்றுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

தூளின் அளவை நீரின் தன்மையோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. காரைக்குடிக்குச் சம்பை ஊற்று வாய்த்திருக்கிறது. அந்த நல்ல நீரைக் குடித்து வளர்ந்தவர்கள், சுற்றுப்புறத்து ஊர்களின் ஆழ்குழாய் நீரும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்தி எங்கள் நீரைச் சோதித்தபோது, அது அந்த இரண்டாவது எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றது. இத்தகைய நீரில் சோப்புக் கட்டி கரையாத வெள்ளைப் பிசுக்காகத் திரண்டுவிடும். கழுத்துப் பட்டியில் சோப்புத் தேய்த்துவிட்டு இயந்திரத்தில் போடும் நம் வழக்கம் அந்தப் பிசுக்கை நேராக உள்ளே கொண்டு சேர்க்கிறது. சலவைத் தூள் அந்த அளவுக்குத் திரளாவிட்டாலும் அதன் ஆற்றலும் குன்றும். இதற்குப் பரிகாரமாக மேலும் மேலும் தூளைக் கொட்டுவதைவிட, சிறிதளவு சலவைச் சோடாவைச் சேர்த்து நீரை மென்மையாக்கிக்கொண்டு, தூளை அளவாகப் போட்டு, ஓர் அலசலைக் கூட்டுவது நல்லது. என் அப்பத்தா, வளவு எனப்படும் நடு முற்றத்தின் நான்கு கூரைச் சரிவிலிருந்தும் கொட்டும் மழை நீரைக் கிடாரங்களில் பிடித்து வைத்து, “மழைத் தண்ணியில பருப்பும் வேகும், சவுக்காரமும் நுரைக்கும்” என்பார். மென்னீரைப் பற்றி எனக்குக் கல்லூரி கற்பித்தது அதற்கு மேல் அதிகமில்லை.

இயந்திரத்தைத் தூய்மை செய்ய நான் இப்போது கடைப்பிடிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதம் ஒரு முறை, துணி எதுவும் இல்லாமல், ஏறத்தாழ நூறு கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலத்தை) உருளைக்குள் போட்டு, இருப்பதிலேயே அதிகச் சூட்டில் ஓடவிடுகிறேன். இது சுண்ணாம்புப் படிவைக் கரைக்கிறது. இன்னொரு நாள், சோடியம் பெர்கார்பனேட்டு கலந்த தூய்மைத் தூளை இட்டு, 60 பாகைக்குக் குறையாத சூட்டில் மீண்டும் வெறுமனே ஓடவிடுகிறேன். வெந்நீரில் அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிப்பட்டுப் பசையையும் கிருமியையும் தாக்குகிறது. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கலப்பதில்லை. ஃபில்டரை மாதத்தில் இரு முறை திறக்கிறேன். ரப்பர் மடிப்பை ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் பழந்துணியால் துடைக்கிறேன். இதில் எதுவும் பெரிய வித்தை இல்லை. யாரும் சொல்லித் தரவில்லை என்பதே குறை.

வெந்நீர் வசதியில்லாத, மேலே மூடி திறக்கும் இயந்திரமோ செமி ஆட்டோமேட்டிக் இயந்திரமோ வைத்திருப்பவர்கள் கொதிநீரை அதில் கொட்டிவிடக் கூடாது. பிளாஸ்டிக் தொட்டி நெளிந்துவிடும். கையேடு அனுமதிக்கும் சூட்டுக்குள் நின்றுகொள்ள வேண்டும். வாடை ஏறிய வெள்ளைத் துண்டுகளையும் விரிப்புகளையும் அவர்கள் தனியாக வாளியில் போடலாம்: ஒரு வாளி வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா, ஒரு மணி நேர ஊறல், பிறகு வழக்கம்போலச் சலவை. அலுமினியப் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தினால் சோடா அதை அரித்துவிடும். எவர்சில்வரோ பிளாஸ்டிக்கோ போதும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீடுகளின் துண்டுகளுக்கு இந்த ஊறல் கட்டாயம் வேண்டும். நல்லெண்ணெய் துணியில் தங்கிக் காற்றுப்பட்டால் சிக்கு வாடை பிடித்துவிடும். அதைப் பாக்டீரியாவின் வாடை என்று எண்ணி எத்தனை முறை துவைத்தாலும் சூடும் காரமும் இல்லாமல் அது போகாது. ஆனால் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கண்டாங்கிச் சேலைகளை யாரும் இந்தச் சோடா வெந்நீரில் அமிழ்த்திவிட வேண்டாம், சாயம் போய்விடும். அவற்றுக்குக் குளிர்ந்த நீரும் பூந்திக்கொட்டைக் கரைசலும் நிழலில் காய வைப்பதுமே ஏற்றவை. பூந்திக்கொட்டைக் கரைசல் கடின நீரிலும் சோப்பைப் போலப் பிசுக்காகத் திரளாது என்பது கூடுதல் வசதி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மழைக்காலத்தில் என் கைபேசிக்கு மூன்று பேர் அனுப்பிய ஒரு குறிப்பு, பிளீச்சையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றி இயந்திரத்தை ஓட்டச் சொல்கிறது. குளோரின் கலந்த பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை உப்பு போன்ற எந்த அமிலம் சேர்ந்தாலும் நச்சான குளோரின் வாயு வெளிப்படும். அடைத்த குளியலறையில் அது உயிருக்கே கேடு. அந்தக் குறிப்பைப் பெற்றவர்கள் தயவுசெய்து அழித்துவிட வேண்டும். ஆப்பச் சோடாவையும் வினிகரையும் கலக்கச் சொல்லும் மற்றொரு குறிப்பில் ஆபத்து இல்லை, பயனும் இல்லை. பொங்கிப் பொங்கி ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கடைசியில் உப்பு நீரே மிஞ்சும். பொங்குவதைப் பார்த்தால் வேலை நடப்பது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

துவைத்து முடித்த துணியை இயந்திரத்துக்குள்ளேயே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்வருவது, இத்தனை முயற்சிகளையும் ஒரே நாளில் வீணாக்கிவிடும். வெதுவெதுப்பான, மூடிய, ஈரமான உருளைக்குள் இரண்டு மணி நேரம் கிருமிக்குத் தாராளம். மழை நாளில் ஒருமுறைக்கு இருமுறை பிழிய விட்டு, உடனே எடுத்து உதறி, துணிக்கும் துணிக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டுக் காய வைத்து, மின்விசிறியைப் போட்டுவிட வேண்டும். கொடியில் இடமில்லையென்றால் அன்றைக்குப் பாதியைத் துவைத்தால் போதும். வளவுகள் கட்டப்பட்டதே வெளிச்சமும் காற்றும் வீட்டின் நடுவே இறங்குவதற்காக. குரங்குத் தொல்லைக்கும் மழைச் சாரலுக்கும் அஞ்சி இன்று பல வீடுகளில் அவற்றைப் பிளாஸ்டிக் தகடுகளால் மூடிவிட்டார்கள். மூடியவர்கள் ஓர் ஓரத்திலாவது காற்றுப் போக வழி விட்டிருந்தால் முற்றத்துக் கொடியில் துணி மூன்று நாள் ஈரமாகத் தொங்காது.

காய்ந்த பிறகு பெட்டிக்குள் பிடிக்கும் பூஞ்சை வாடை வேறு வகை. அதற்கு நாம் வைக்கும் விருந்து, கஞ்சி. கஞ்சி போட்ட வேட்டியையும் சேலையையும் மாதக்கணக்கில் மடித்து வைத்தால், மாவுப் பொருளைத் தின்னப் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் வந்து சேரும். நீண்ட நாள் வைக்க வேண்டியவற்றைக் கஞ்சி நீக்கி, இஸ்திரிப் போட்டு, சூடு ஆறிய பின்பு அடுக்கி, உடுத்தும் காலத்தில் புதிதாகக் கஞ்சி போட்டுக்கொள்ளலாம். அந்துருண்டையால் வாடையை மறைப்பதை நான் கைவிட்டு வெகுநாளாகிறது. அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியது. திருவிழாவுக்கு வரும் கைக்குழந்தையை, ஓராண்டாக அந்துருண்டையோடு கிடந்த விரிப்பில் படுக்க வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

பூட்டிப் போகும் வீடுகளுக்கு ஒரு சொல். ஊருக்குத் திரும்புமுன் இயந்திரத்தின் ஃபில்டர் வழியாக மிச்ச நீரை வடித்துவிட்டு, குழாயையும் மின்சாரத்தையும் நிறுத்தி, கதவையும் தூள் இழுப்பறையையும் திறந்தபடி விட வேண்டும். திறந்து வைத்தால் எலியும் பல்லியும் குடியேறும் என்பது உண்மைதான். முதல் ஆண்டில் எங்கள் உருளைக்குள் ஓர் எலி குட்டி போட்டிருந்தது. இப்போது உருளையின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டிவிடுகிறேன். சிறு குழந்தைகள் நடமாடும் வீட்டில் கதவை அகலத் திறந்து வைப்பது ஆபத்து. உள்ளே ஏறிக் கதவை இழுத்துக்கொள்ளக் கூடும். அங்கே ஒரு விரல் இடைவெளியோடு நிறுத்தி, குழந்தைப் பூட்டு இருந்தால் பயன்படுத்த வேண்டும். இத்தனைக்குப் பிறகும் அழுகிய முட்டையின் நாற்றம் வந்தால், அது துணியிலிருந்தோ உருளையிலிருந்தோ வருவதாக இருக்காது. பழைய வீடுகளில் இயந்திரத்தின் கழிவுக் குழாயை நேராகச் சாக்கடைத் துளைக்குள் செருகிவிடுகிறார்கள். இடையில் நீர் தேங்கி வாயுவைத் தடுக்கும் வளைவு இல்லாததால் சாக்கடைக் காற்று குழாய் வழியே மேலேறுகிறது. பிளம்பரை அழைத்து அந்த வளைவைப் பொருத்துவதே வழி.

இவ்வளவையும் வீட்டில் இருப்பவர்கள் தாமே கண்டுபிடிக்க வேண்டியிருப்பதுதான் என் குறை. இயந்திரத்தைக் கொண்டுவந்து பொருத்துகிறவர்கள், எந்தப் பொத்தானை அழுத்தினால் ஓடும் என்பதை மட்டும் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஃபில்டரைத் திறந்து மூடுவது, இழுப்பறையை உருவுவது, வெறும் உருளையை வெந்நீரில் ஓட்டுவது ஆகியவற்றை வீட்டுக்காரர் தம் கையாலேயே ஒரு முறை செய்து பார்த்த பிறகுதான் பொருத்தும் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என விற்பனையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கையேட்டில் பராமரிப்புப் பக்கங்கள் எல்லா மொழிகளிலும் வந்து, தமிழில் மட்டும் உத்தரவாத விதிகளோடு நின்றுபோவதும் மாற வேண்டும். சலவைத் தூள் தயாரிப்பாளர்கள் பொட்டலத்தின் மேல் ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று மட்டும் அச்சிடாமல், மென்னீருக்கு எவ்வளவு, கடின நீருக்கு எவ்வளவு, முன்கதவு இயந்திரத்துக்கு எவ்வளவு என்று தமிழில் பிரித்து அச்சிட்டால் வாங்குகிறவர்களின் பணமும் மிஞ்சும். அவர்கள் அதில் ஆர்வம் காட்டத் தயங்குவதற்கு அந்தக் கடைசிக் காரணமே போதுமானது என்று என் மருமகள் சொல்கிறாள், நான் மறுக்கவில்லை.

தங்கள் நாளிதழும் வீட்டுக் குறிப்புகளை வெளியிடுமுன், அமிலத்தையும் பிளீச்சையும் கலக்கச் சொல்பவற்றை மட்டுமாவது நீக்கிவிட வேண்டுகிறேன். பிள்ளையார் நோன்புக்கு இந்த முறை முப்பத்திரண்டு பேர் வருவதாகத் தகவல். என் சித்தப்பா மகனும் வருகிறார். அவருக்கான துண்டுகளை நேற்றே நனைத்து முகர்ந்து பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.